பேச்சுத்துணை

கட்டில் வாசலில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு கண்டக்டர் கூடத்துக்குள் நின்றார். தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு மேல்வீட்டுக்காரர் வெளியே நடைவழியில் நின்றார். நடுவில் கட்டிலின் இரும்பு மூலை நிலைச்சட்டத்தைக் குத்திக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க கண்டக்டர். உங்க பக்கம்... இல்ல இல்ல, அந்தப் பக்கம்.”

சாய்த்தார். தோள்பட்டை விட்டுப்போனது. மூன்று இரவுகள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிய உடம்பு, எந்தப் பக்கம் சாய்க்கச் சொன்னாலும் ஒரே பக்கமாகத்தான் சாய்ந்தது.

சமையலறையிலிருந்து அவருடைய தங்கை எட்டிப் பார்த்தாள். “உள்ள வந்த கட்டில் வெளிய போகாதா? அதெப்படி?”

“கழட்டிக் கொண்டுவந்து உள்ள மாட்டினது.”

“அப்ப கழட்டுங்க. ஸ்பேனர் எங்க?”

கண்டக்டர் கட்டிலைப் பார்த்தார். ஸ்பேனர் இருக்கும் இடம் அவர் மனைவிக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். தங்கைக்கும் புரிந்துவிட்டது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

மனைவி அன்று விடியும் நேரத்தில் இறந்துபோயிருந்தாள். நர்ஸ் தோளைத் தொட்டு எழுப்பியபோது, கடைசி டிரிப் முடிந்து வண்டி டெப்போவுக்குள் நிற்கிறது, இறங்க வேண்டும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியும் அவர் தூக்கத்தில் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தெருவும் அவரை இன்னும் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை இங்கேயே இருக்கட்டும், பையன் வந்ததும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதனால் வீட்டில் சாவு இருந்தது, உடம்பு இல்லை. வந்தவர்கள் எந்தப் பக்கம் பார்த்து அழுவது என்று தெரியாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். டீ குடித்துவிட்டு, சாயங்காலம் வருகிறோம் என்று எழுந்து போனார்கள். கொண்டுவந்தால் கிடத்தக் கூடத்தில் இடம் வேண்டுமே என்று தங்கை சொன்னதால்தான் கட்டிலைத் தூக்கினார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தீவனக்காரர் வந்தார். மனைவி வேலை பார்த்த மாட்டு ஆராய்ச்சிப் பண்ணையில் தீவனம் எடைபோட்டுக் கலந்து வைப்பவர். காலையில் ஆஸ்பத்திரிக்கே வந்து, ஓரமாக நின்று அழுதுவிட்டுப் போன மனிதர். இப்போது கட்டிலின் கால்களுக்கு இடையே அவர் முகம் மட்டும் தெரிந்தது.

“அண்ணே.”

“வாங்க.”

வருவதற்கு வழியில்லை. இருவரும் அதை ஒரே நேரத்தில் கவனித்தார்கள்.

“ஒரு விஷயம்ணே. எப்படிக் கேக்கறதுன்னு தெரியல.” தீவனக்காரர் தொண்டையைச் செருமினார். “அக்காவோட நீலக் கோட்டு வீட்டுல இருக்கா? கொட்டகையில போட்டுக்குவாங்களே, அது.”

“எதுக்கு?”

“மாடு யாரையும் கிட்ட சேக்க மாட்டேங்குது. மதியத்துக்குள்ள அது வயித்துல இருந்து பையெல்லாம் எடுத்தாகணும். அக்கா வெச்ச பை. அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டுப் போனா, வாசனைக்கு நின்னாலும் நிக்கும்னு...”

தங்கை கரண்டியோடு வெளியே வந்தாள். “ஏங்க, சாவு வீட்டுல வந்து கேக்கற பொருளா இது? இன்னும் ஆளே வீடு வந்து சேரல. அதுக்குள்ள மாட்டுக்குக் கோட்டு வேணுமாக்கும்.”

“தப்புதாம்மா. நானும் மாட்டேன்னுதான் சொன்னேன்.” அவர் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். “அங்க ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற பொண்ணு நின்னு அழுவுது.”

மனைவி பண்ணையில் அந்தக் கோட்டோடுதான் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் அதைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மூன்று நாளும் அது பெஞ்சுக்கு அடியில் அவர் காலோடு கிடந்தது. காலையில் வந்ததும் அலமாரியின் மேல் வைத்தார். இப்போது போய் எடுத்துவந்து, கட்டில் இடுக்கு வழியாக நீட்டினார். தீவனக்காரர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் இந்த முனையை விடவில்லை.

“நானும் வர்றேன்.”

“அண்ணா!” என்றாள் தங்கை. “குளிக்கல, ஒரு வாய் சாப்பிடல. நாலு பேரு வந்து போற நேரத்துல எங்க கிளம்பறீங்க?”

“வந்துடறேன்.”

ஏன் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லத் தெம்பு இல்லை என்பது மட்டும் தெரிந்தது. குனிந்து, கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடைவழியில் எழுந்தார். மேல்வீட்டுக்காரர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

“கட்டிலை நான் பாத்துக்கறேன். போயிட்டு வாங்க.”

தீவனக்காரரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, கோட்டு உறையை மடியில் வைத்துக்கொண்டு போனார். கண் எரிந்தது. வெயில் தார் ரோட்டில் விழுந்து கண்ணுக்குள் வந்தது. உன் வீட்டுக்காரம்மா எங்கே வேலை பார்க்கிறாள் என்று டெப்போவில் யாராவது கேட்டால், பண்ணை ஆபீஸில் என்று சொல்லிப் பழகியிருந்தார். சம்பளச் சீட்டில் ஆய்வு உதவியாளர் என்று போட்டிருக்கும். தெருவில் மாட்டு நர்ஸ் என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். வேலைவிட்டு வந்ததும் வலது கையை மட்டும் தோள் வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்ப்பாள். இடது கையைச் சும்மா நனைத்துக்கொள்வாள். ஏன் ஒரு கையை மட்டும் என்று அவர் கேட்டதில்லை. பகலெல்லாம் பஸ்ஸில் கத்திவிட்டு வீட்டுப்படி ஏறினால் அவருக்குத் தொண்டை மூடிக்கொள்ளும். ஓய்வு பெற்ற பிறகும் அது திறக்கவில்லை.

கொட்டகை அவர் நினைத்ததைவிடச் சுத்தமாக இருந்தது. சிமெண்ட் தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். மேலே மின்விசிறிகள் ஓடின. சுவரோரம் தராசு, அதன் பக்கத்தில் வரிசையாகத் தீவன வாளிகள். கடைசித் தடுப்பில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய மாடு எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அதன் இடது பக்க வயிற்றில், விலாவுக்குப் பின்னால், கை நுழையும் அகலத்துக்கு ஒரு கறுப்பு ரப்பர் வளையம் பதித்திருந்தது. நடுவில் ரப்பர் அடைப்பான்.

கண்டக்டர் நின்றுவிட்டார். “என்ன இது?”

“ஜன்னல்ணே,” என்றார் தீவனக்காரர். “அக்கா உங்ககிட்ட சொன்னதே இல்லையா?”

சொல்லியிருக்கலாம். அப்போது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

தடுப்புக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். முழங்கை தாண்டி நீளும் ரப்பர் கையுறை ஒரு கையில் மட்டும். மகனைவிட வயதில் சின்னவள். முகம் வீங்கியிருந்தது. அவரைப் பார்த்ததும் அந்தக் கையுறைக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“சார், உங்களைக் கூப்பிடச் சொல்லல சார். கோட்டு மட்டும்தான் கேட்டேன். அதையும் கேட்டிருக்கக் கூடாது.”

“பரவால்லம்மா. அதுக்கு வலிக்காதா?”

“வலிக்காது சார். ஆபரேஷன் பண்ணி வெச்சது, எப்பவோ ஆறிப்போச்சு.” அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். படிப்பு சம்பந்தமாகப் பேச வந்ததும் குரல் கொஞ்சம் நிதானப்பட்டது. “புதுசா ஒரு புல்லு ரகம் சார். வறட்சியிலயும் வளரும். ஆனா மாட்டு வயித்துல அது எவ்வளவு கரையுதுன்னு தெரியணும். சின்னச் சின்ன நைலான் பையில புல்லை அரைச்சுப் போட்டு, கயித்துல கோத்து உள்ள விட்டுருவோம். குறிச்ச நேரத்துக்கு வெளிய எடுத்து, கழுவி, காயவெச்சு, மிச்சம் என்ன இருக்குன்னு எடை பாப்போம். இந்தத் தடவை உள்ள வெச்சதும் அக்காதான். வெச்சிட்டுக் கை கழுவப் போனாங்க. அப்பதான்...”

குழாயடியை ஒரு தடவை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவரும் பார்த்தார். குழாய், கீழே ஒரு சோப்புப் பெட்டி. அவ்வளவுதான்.

“நேரம் தப்பிட்டா?”

“மொதல்ல இருந்து பண்ணணும். அறுப்பு முடிஞ்சிடுச்சு சார். இனி அந்தப் புல்லு அடுத்த வருஷம்தான். அப்ப நான் இங்க இருக்க மாட்டேன்.”

“கட்டிப்போட்டு எடுக்கக் கூடாதா?”

தீவனக்காரர் பேண்ட்டைத் தூக்கி முழங்காலுக்குக் கீழே காட்டினார். கன்றிப்போயிருந்தது. “கட்டினா படுத்துக்குதுண்ணே. தூக்கினா உதைக்குது. இழுத்துப் பிடிச்சா வளையமே பிஞ்சு வந்துரும். மயக்க ஊசி போட்டா வயித்து வேலையே மாறிடும், அப்புறம் பையை எடுத்து என்ன பண்ண? ராங்கின்னு சும்மாவா பேரு வெச்சாங்க. அக்கா வெச்ச பேருதான். ஆபீஸ்ல வெறும் நம்பர்.”

அந்தப் பெண் கோட்டைப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அது பெரிதாக இருந்தது. தோள்பட்டை நழுவியது. கண்டக்டர் வேறு பக்கம் திரும்பி மின்விசிறியைப் பார்த்தார்.

ராங்கி உடனே தலையைத் திருப்பியது. மூக்கு விடைக்க, கோட்டின் கையை முகர்ந்தது. கோட்டுப் பையை முகர்ந்தது. ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிடும் போலிருந்தது. அப்புறம் அது கழுத்தை நீட்டி, அந்தப் பெண்ணைத் தாண்டி, கொட்டகை வாசலைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பெண் வளையத்தில் கைவைத்ததும் இடுப்பை ஒரே திருப்புத் திருப்பி அவளைத் தடுப்புக் கம்பியோடு சேர்த்து இடித்தது. கண்டக்டர்தான் அவள் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டார்.

“கோட்டு இல்ல சார்,” என்றாள் அவள், முழங்கையைத் தேய்த்துக்கொண்டு. “எனக்குத் தெரியும். கோட்டுக்காக அது நின்னதில்ல. அக்கா பேசிட்டே இருப்பாங்க. அந்தச் சத்தத்துக்குத்தான் நிக்கும். நானும் பேசிப் பாத்தேன். எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல. பாடம் ஒப்பிக்கற மாதிரி வருது.”

“நான் பேசினா தீவனம்னு நெனச்சுத் தொட்டிக்குப் பாயுது,” என்றார் தீவனக்காரர்.

“அவ என்ன பேசுவா?”

தீவனக்காரர் கூரையைப் பார்த்தார்.

“வீட்டு விஷயம்தான் சார்,” என்றாள் அந்தப் பெண்.

“வீட்டு விஷயம்னா?”

“உங்களைத் திட்டுவாங்க.”

“திட்டறதுன்னா திட்டறது இல்லண்ணே,” தீவனக்காரர் அவசரமாக உள்ளே புகுந்தார். “சும்மா, மனசுல இருக்கறதை. ஈரத்துண்டைக் கட்டில் மேல போட்டுட்டீங்கன்னு. ரோட்டுல நடந்தா முன்னாடியே போயிடறீங்களாம், பின்னாடி ஆள் வருதா இல்லையான்னு திரும்பிப் பாக்கறது இல்லையாம். ‘எங்க வீட்டு ஆளுக்கு ஸ்டாப்பிங் வந்தாத்தான் வாய் திறக்கும்டி ராங்கி’ம்பாங்க. மாடு காதை ஆட்டும். நாங்கெல்லாம் சிரிச்சிருக்கோம்.”

சொல்லிவிட்டு, சிரிச்சிருக்கோம் என்றதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவர் போல வாயைத் துடைத்துக்கொண்டார்.

கண்டக்டர் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்கு இவ்வளவு பேச்சு இருந்ததா. வீட்டில் அவளும் நாளாக ஆகக் குறைத்துக்கொண்டுதான் வந்தாள். சாப்பாடு ஆச்சு. தண்ணி வருது. கேஸ் தீர்ந்துபோச்சு. அவ்வளவுதான் அவர் காதில் விழுந்தது.

“நெஞ்சு அடைக்குதுன்னு எதாவது சொன்னாளா? இதுகிட்ட?”

அந்தப் பெண் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்தாள். தீவனக்காரர் தரையில் கிடந்த ஒரு வைக்கோல் துரும்பைக் காலால் ஓரமாகத் தள்ளினார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் தடுப்பின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

மாட்டுக்கு இத்தனை அருகில் அவர் நின்றதில்லை. அதன் மூச்சு வேட்டியில் பட்டது. பெரிய ஈரக் கண். அதில் கொட்டகையின் வாசலும் வெளிச்சமும் வளைந்து தெரிந்தன.

“பேசுங்க சார்,” என்றாள் பின்னாலிருந்து.

“என்ன பேச?”

“எதாவது.”

வாயைத் திறந்தார். “உள்ள போ, உள்ள போ, முன்னால இடம் இருக்கு பாரு,” என்று வந்தது.

தீவனக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து இருமினார். அந்தப் பெண்ணும் அழுகையோடு சேர்த்து ஒரு சத்தம் போட்டாள். ஆனால் ராங்கி அரை அடி முன்னால் நகர்ந்தது.

“கட்டில் மாட்டிக்கிச்சு,” என்றார் கண்டக்டர் மாட்டிடம். “வாசல்ல. முன்னாலயும் போகல, பின்னாலயும் வரல. ஸ்பேனரை எங்கயோ வெச்சிருக்கா. எங்க வெச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னாளா? மாட்டா. எல்லாத்தையும் அவளே எடுத்து வைப்பா. அப்புறம், இந்த வீட்டுல ஒரு பொருளாவது உங்களுக்குத் தெரியுமான்னு என்னைய கேப்பா.”

ஒரு காது அவர் பக்கம் திரும்பியது.

“நிறுத்தாதீங்க சார்,” என்று மெல்லச் சொன்னாள் அந்தப் பெண். ரப்பர் அடைப்பான் வெளியே வரும் சத்தம் கேட்டது. புளித்த புல் வாசனை சூடாகக் கொட்டகையில் பரவியது. அந்த வாசனை அவருக்குத் தெரியும். தினமும் அவர் வீட்டுக்கு வந்த வாசனை.

“முதுகு இல்ல எனக்கு. பெஞ்சா அது? ஆளை உக்கார வெக்கக் கூடாதுன்னே செஞ்சிருக்கான். உள்ள விட மாட்டேங்கறாங்க. கண்ணாடி வழியாப் பாத்தா மூஞ்சில மாஸ்க்கு. நேத்துதான் கொஞ்ச நேரம் உள்ள விட்டாங்க. போய் நின்னேன். கண்ணைத் தொறந்து பாத்தா. என்னையத்தான் பாத்தா. எனக்கு ஒண்ணும் வரல. வெளிய மழை வர்ற மாதிரி இருக்குன்னு சொன்னேன். மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் வெளியவே போகல. சொல்லிட்டு வந்துட்டேன்.”

ராங்கி அசையாமல் நின்றது. பின்னால் அந்தப் பெண்ணின் கை தோள் வரை உள்ளே போயிருந்தது. கன்னத்தை மாட்டின் விலாவோடு ஒட்டி, கண்ணை மூடி, கயிற்றைத் தேடிக்கொண்டிருந்தாள். கிடைத்ததும் அவள் முகம் மாறியதை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். பைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பைகள், பச்சையும் பழுப்புமாக வழிந்துகொண்டு. தீவனக்காரர் ஐஸ் தண்ணீர் வாளியை நீட்ட, அதில் அவற்றை இறக்கினாள்.

“ரெண்டு தடவை சுத்தி முடிச்சுப் போட்டிருக்காங்க,” என்று யாருக்கோ சொல்வதுபோல முணுமுணுத்தாள். “நான் ஒரு தடவைதான் போடச் சொன்னேன்.”

கண்டக்டர் நிறுத்தவில்லை. மகன் வந்துகொண்டிருப்பதைச் சொன்னார். கிளம்பும்போது எதாவது சாப்பிட்டானோ என்னவோ என்றார். தங்கை சமையலறையில் நுழைந்து எல்லா டப்பாவையும் இடம் மாற்றிவிட்டாள், மனைவி இருந்திருந்தால் இந்நேரம் வீடு இரண்டுபட்டிருக்கும் என்றார். தொண்டை வலித்தது. ஆனாலும் வார்த்தை ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது, நெரிசல் நேரத்தில் பின்வாசல் வழியாக ஆட்கள் ஏறுவதுபோல.

பின்னால் அடைப்பான் வளையத்துக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. கையுறையை உருவும் சத்தம். குழாய் திறந்து மூடும் சத்தம். வேலை முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை.

“அப்புறம் இந்த டீ,” என்றார் கண்டக்டர். “கடைசி வாயை ஏன் மிச்சம் வெக்கறீங்கன்னு கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேக்கறா. அடியில தூள் கிடக்குதுடி. அவ வடிகட்டற லட்சணம் அப்படி. வாயில தட்டும். அதைச் சொன்னா, போட்டுக் குடுத்தவளுக்கு மனசு கஷ்டமா இருக்காது? அதான் சொல்லல. ஒரு நாள் கூடச் சொல்லல.”

ராங்கி தாடையை அசைத்து அசைபோடத் தொடங்கியது. தீவனக்காரர் சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார். பிறகு சத்தம் வராமல் அதை உள்ளேயே போட்டுவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.